உப்புத் தண்ணீரில் ஓடிய விமானம்

எங்கள் ஒழுங்கையில் என்னோடு வளர்ந்த நீங்கள் எங்கே சந்தித்தாலும் கடைசியில் அந்த விமானத்தில்தான் வந்து நிற்கிறீர்கள். வெள்ளி நிற உடம்பு, இறக்கை நுனியில் சிவப்புக் கோடு, கோயில் வீதியில் சாமிக்கு மேலே அது பூக்கொட்டியது, கடைக்காரர்களின் முகம் சுருங்கியது, எல்லாவற்றையும் நேற்றுப் பார்த்ததுபோலச் சொல்கிறீர்கள். சிலர் இடுப்பில் பிள்ளையோடு நின்று சொல்கிறீர்கள். நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்தீர்கள். நான் பார்க்கவில்லை. அது பறந்த நேரம் முழுவதும் நான் அதற்குக் கீழே, துணியால் மூடிய ஒரு பெட்டிக்குள் குந்தியிருந்தேன். அதன் வேகம் என் கையில் இருந்தது.

கதையை முடிக்கும்போது யாராவது ஒருவர், “பிறகு நீதானே பயந்துபோய்ப் படுக்கையிலை வருத்தமாக் கிடந்தனீ” என்று சொல்லிச் சிரிப்பீர்கள். ஓம், பயந்தேன். அதை மறுக்கவில்லை. ஆனால் கதையில் ஒரு பிழை இருக்கிறது. இயந்திரங்களில் பிழை தேடுவதைத்தான் நான் இப்போது படிக்கிறேன். அதனால் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அப்பா துறைமுக வேலைத்தளத்தில் மின்சார வேலை பார்த்தவர். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கூட்டத்தாரின் உபயம். அன்றைய செலவும் சோடனையும் அவர்களுடையது. கடைக்காரர் உபயத்துக்கு அடுத்த நாள் துறைமுகத் தொழிலாளர் உபயம். அதற்கு முந்திய வருடம் கடைக்காரர்கள் இறக்கை வைத்த பொம்மை ஒன்றைக் கயிற்றில் ஓடவிட்டுச் சாமிக்குப் பூச்சொரிய ஏற்பாடு செய்திருந்தார்கள். பொம்மை நடுவழியில் நின்றுவிட்டது. கயிறு இழுத்தவர் என்ன நடந்தது என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்க, அவருடைய மொட்டைத் தலையைக் கண்டு சனம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எங்கள் விமானம் தொடங்கியது.

பக்கத்து வீட்டில் இருந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நாங்கள் அவரைக் கிரேன் மாமா என்போம். அவர்தான் ஒரு பின்னேரம் எங்கள் முற்றத்தில் நின்று சொன்னார்:

“பொம்மை கிம்மை வேண்டாம். சீனன்குடாவிலை பிளேன் இறங்கேக்கை வேலிக்கு மேலாலை எட்டிப் பாக்கிற சனம் இது. அதுகளுக்குப் பிளேனே காட்டுவம். ஆனா ஒண்டு. இழுக்கிறவன்ரை மண்டை வெளியிலை தெரியக்கூடாது.”

எதுவும் கடையில் கிடைக்காத காலம் அது. விமானத்தின் உடம்பு தேயிலைப் பெட்டிப் பலகை. இறக்கை, பால்மா ரின்களை வெட்டி நிமிர்த்திய தகரம். மோட்டர், ஏதோ ஒரு கப்பலில் கழித்துவிட்ட சின்ன விசிறியினுடையது. அந்த விசிறியோடு வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேற்றர் பெட்டி ஒன்றும் வந்தது. கறண்ட் கொடுக்க இரண்டு லொறிப் பற்றரிகள்.

அது பறக்கும் விதத்தை நீங்கள் வெளியிலிருந்து கண்டிருப்பீர்கள், காரணத்தைச் சொல்கிறேன். நட்ட கம்பத்தின் உச்சியில் சைக்கிள் சில்லின் நடுப்பாகம் பூட்டியிருந்தது. அதிலிருந்து இரண்டு வயர்களில் விமானம் தொங்கியது. அதன் வயிற்றில் ஒரு பூப்பெட்டி; கொக்கியை மூங்கிலால் தட்டினால் அது திறந்து பூக்கொட்டும். விசிறி சுழன்றால் விமானம் கம்பத்தைச் சுற்றும். வேகம் கூடக் கூட வெளியே விரிந்து மேலே எழும்பும். வேகம் குறைந்தால் இறங்கும். நின்றுபோனால் ஆட்களின் தலை உயரத்தில் வந்து விழும். ஆகவே எல்லாம் வேகத்தில் இருந்தது.

முதல் நாளே ரெகுலேற்றர் சுட்டு, றப்பர் எரிகிற மணம் வந்தது. அப்பா திறந்து பார்த்தார். உள்ளே இருந்த சுருள் கம்பி கருகி அறுந்திருந்தது. அந்த வகைக் கம்பிக்கு அவர் எங்கேயும் போக ஏலாது.

“நேரே பற்றரியிலை குடுத்துப் பாப்பமே?” என்றார் கிரேன் மாமா.

“நேரே குடுத்தா பேய் பிடிச்சமாதிரி ஓடும்.”

“ஓடட்டுமன். பிளேன் பிறகென்ன, நடந்தே வாறது?”

ஓடியது. நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு விமானத்தைக் காணவில்லை, ஒரு வெள்ளை வளையம் மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தம். இறக்கை ஒன்று பிய்ந்து போய்ப் பப்பாசி மரத்தின் தண்டில் பாதிவரை குத்தி நின்றது. வெட்டிலிருந்து பால் வடிந்தது. பப்பாசிக்குப் பக்கத்து மாமரத்தில்தான் தம்பியின் ஏணை கட்டியிருந்தது. அவன் உள்ளே நித்திரை. அம்மா ஓடிவந்து ஏணையோடு சேர்த்து அவனைத் தூக்கினா. தூக்கிய பிறகு அவனை மடியில் வைத்துத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தா.

“உதைக் கொத்தி அடுப்புக்கை வையுங்கோ,” என்றா. “இஞ்சருங்கோ, உங்களைத்தான். இண்டைக்கே வையுங்கோ.”

அப்பா இறக்கையைப் பிடுங்கினார். அந்தத் தகர விளிம்பை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து திருவிழா முடியும்வரை எனக்கு நித்திரையில் வந்தது அந்த விளிம்புதான்.

அடுப்புக்குள் வைக்கவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஜெனரேற்றர்களைச் சோதிக்கும்போது உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் தகடுகளை இறக்கிக் கறண்டை ஓடவிடுவார்கள். அப்பா அதை நினைத்துக்கொண்டார். சின்ன மண்முட்டி ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, அரைச் சிறங்கை உப்புப் போட்டார். கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் கிணறு தானே கொஞ்சம் உவர்க்கும், அதனால் அரைச் சிறங்கை போதும் என்றார். முட்டிக்கு அடியில், துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த கரித் தகடு ஒன்று. ஒரு செப்புத் தகட்டை வெற்றிலைபோல நுனி கூராக வெட்டி ஒரு தடியில் கட்டினார். நுனி மட்டும் தண்ணீரில் பட்டால் மோட்டர் மெல்ல ஓடும். தகடு தாழத் தாழ வேகம் கூடும். கடையில் கிடைக்காத ரெகுலேற்றர் எங்கள் வீட்டு முட்டிக்குள் கிடைத்தது.

தகட்டை இறக்கும்போது தண்ணீர் நுரைத்தது. ஒரு மணமும் வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு சுகாதாரப் பகுதியினர் கிணற்றுக்குள் வெள்ளைப் பவுடர் கொட்டிவிட்டுப் போவார்களே, அந்த மணம்.

“உப்புத் தண்ணியிலை கறண்ட் ஓடினா மணக்கும்,” என்றார் அப்பா. “காத்திலை போயிடும்.”

முற்றத்தில் அது காற்றில் போனது.

பிறகு மோட்டர் விக்கத் தொடங்கியது. ஓடும், நிற்கும், உதறிக்கொண்டு மறுபடி ஓடும். அப்பா கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படிக் கேட்கும்போது அவரோடு கதைக்கக்கூடாது. பிறகு கறண்ட் போகும் வழியைப் பின்பற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பற்றரி சரி. வயர் இணைப்புகள் சரி. கம்பத்தில் சுழலும் செப்பு வளையங்களில் கடற்காற்றுக்குப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. சாம்பலும் பழப்புளியும் வைத்து நான் துலக்கினேன். அதற்குப் பிறகும் விக்கியது. மோட்டரைக் கழற்றினார். உள்ளே கறண்டைக் கொண்டுபோகிற கரித்துண்டுகள் இரண்டும் தேய்ந்து, சுழல்கிற செம்பில் படுவதும் படாததுமாக இருந்தன. பழைய ரோச் பற்றரியை உடைத்து, நடுவில் இருக்கும் கரிக்குச்சியைச் சீமெந்துத் தரையில் தேய்த்து அளவாக்கினார். என் கையும் முகமும் கறுப்பு. மோட்டர் ஒரே சத்தத்தில் பாடத் தொடங்கியது. அந்த நாள்களில் எனக்கிருந்த ஒரே சந்தோசம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கம்பத்தின் அடியை மலைபோலச் சோடிப்பதென்று முடிவாயிற்று. மரச் சட்டம் அடித்து, துணி போர்த்து, பச்சை வர்ணம் பூசினார்கள். முட்டியும் பற்றரிகளும் மலைக்குள். வெளியில் ஒரு மனிதரும் தெரியமாட்டார். எல்லாம் செய்து முடித்த பிறகு கிரேன் மாமா துணியைத் தூக்கி உள்ளே தலையை விட்டுப் பார்த்தார்.

“பூனை இருக்கலாம். மனிசன் இருக்க ஏலாது,” என்றார்.

அவரும் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்கள். பிறகு எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இன்னும் கொஞ்சம் நீளமான வயர் இருந்திருந்தால் முட்டியை மதிலுக்கு வெளியே, காற்றில் வைத்திருக்கலாம். இன்றைக்கு அதுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. ஆனால் வயர் இல்லை. அதோடு மதிலுக்குப் பின்னால் யாராவது நின்றால் கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

“பிள்ளையைக் கறண்டுக்குள்ளை இருத்தப் போறியளோ?” என்று அம்மா அழுதா.

“பற்றரிக் கறண்ட். தொட்டாலும் அடியாது,” என்று அப்பா தன் இரண்டு கைகளையும் முட்டிக்குள் விட்டுக் காட்டினார். அது உண்மைதான். அவர் எல்லா ஆபத்தையும் கறண்டில் தேடினார்.

நான் ஐந்தாம் வகுப்பு. எனக்குக் கறண்ட் பயம் இல்லை. பப்பாசி மரத்தில் குத்திய தகரம்தான் பயம். சாமியைச் சுற்றி ஊர்ச்சனம் நிற்கும். அம்மா தம்பியோடு நிற்பா. நான் கூட்டினால் இறக்கை பிய்ந்து போகும். நான் விட்டால் விமானம் தலைகளில் இறங்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவின் கை என் கைக்கு மேலே இருந்தபடி முற்றத்தில் நாள்கணக்காகப் பழகினோம். தடியில் கத்தியால் ஒரு வெட்டு வைத்தார். அந்த வெட்டு முட்டியின் விளிம்புக்கு வரும்போது விமானம் சரியான உயரத்தில் போகும். இருட்டில் விரலால் தடவினாலே தெரியும்.

மலைக்குள் இருந்தால் விமானம் தெரியாது. அதனால் என் இடக்கையில் ஒரு நூல் கட்டி, மறுநுனியை அப்பா வெளியில் வைத்திருப்பார்.

“ஒருக்கா இழுத்தா கூட்டு. ரெண்டுதரம் இழுத்தா குறை. நீட்டி இழுத்துப் பிடிச்சா மெல்ல மெல்லத் தூக்கு, மாமா பிளேனைக் கையிலை பிடிப்பார். அதுக்கு முதல் கையை விடாதை. என்ன நடந்தாலும் விடாதை, பிள்ளை.”

“ஓம் அப்பா.”

திருவிழா அன்று, சாமி உள்வீதி சுற்றிக்கொண்டிருந்தபோதே என்னை உள்ளே இருத்திவிட்டார்கள். துணியில் புது வர்ண மணம். வெளியே கடலைக்காரியின் குரல், தவில், பிள்ளைகளின் கூச்சல். வெக்கை. முழங்காலுக்கு இடையில் முட்டி. பின்பக்கத் துணி அசைந்தது. அம்மா தவழ்ந்து உள்ளே வந்தா. கையில் எங்கள் சாமியறைச் செம்பு. குங்குமப் பொட்டு வைத்த, கழுத்தில் சின்ன நெளிவு உள்ள அந்தச் செம்பு.

“இதென்னம்மா?”

“சாமி தீர்த்தமாடுற துறையிலை காலமை அள்ளினது. கதையாதை.”

முட்டிக்குள் இருந்த தண்ணீரைக் கையால் கோலி வெளியே மண்ணில் ஊற்றினா. பாதிக்கு மேல் போனது. செம்பிலிருந்த கடல் தண்ணீரை முட்டி விளிம்புவரை நிரப்பினா. ஈரக் கையை என் நெற்றியில் வைத்தா.

“கிணத்துத் தண்ணியை நம்பி உன்னை உதுக்குள்ளை விடுவனே? இது சாமித் தண்ணி. உனக்கு ஒண்டும் வராது.”

வெளியே யாரோ கூப்பிட, செம்பை என் காலடியில் வைத்துவிட்டுத் தவழ்ந்து போனா. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த நேரத்தில் நான் பயப்படவில்லை. இதையும் எழுதிவைக்க வேண்டும்.

நூல் ஒருதரம் இழுபட்டது. தகட்டை இறக்கினேன். கத்தி வெட்டு விளிம்புக்கு வர இன்னும் வெகுதூரம் இருந்தது, தண்ணீர் பொங்கியது. மேலே விசிறியின் சத்தம் முற்றத்தில் கேட்டதுபோல மெல்ல ஏறவில்லை. ஒரேயடியாக ஊளையிட்டது. நூல் இரண்டுதரம், மறுபடி இரண்டுதரம், பிறகு கணக்கில்லாமல் இழுபட்டு என் மணிக்கட்டை அறுத்தது. கம்பம் என் முதுகோடு சேர்ந்து அதிர்ந்தது. பப்பாசி மரம் கண்முன் வந்தது. தகட்டை வெளியே எடுத்தேன். சத்தம் செத்தது. வெளியே பெண்கள் குழறினார்கள். விமானம் தலைகளுக்கு இறங்குகிறது. மறுபடி இறக்கினேன். மறுபடி ஊளை.

பழகிய கை பிசகிவிட்டது. தடியில் இருந்த வெட்டு பொய்யாகிவிட்டது. அம்மாவின் தண்ணீர் முற்றத்துத் தண்ணீரைவிடப் பல மடங்கு உப்பு, மட்டமும் உயர்ந்திருந்தது என்று இன்று சொல்வேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சமாகத் தொட வேண்டும். தகட்டைச் சரித்து, வெற்றிலையின் கூர் நுனி மட்டும் தண்ணீரின் தோலில் படுகிறமாதிரிப் பிடித்தேன். ஊளை இறங்கி ஒரு பாட்டாயிற்று. நூல் அமைதியானது.

அப்படியே பிடித்தேன். நெல்மணி அளவு தாழ்ந்தாலும் ஊளை. நெல்மணி அளவு உயர்ந்தாலும் விக்கல். வலக்கை நடுங்கியதால் இடக்கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். கிரேன் மாமா மூங்கிலால் கொக்கியைத் தட்டிய சத்தம் கேட்டது. “அரோகரா” என்று வீதி முழுக்க எழும்பியது. பூ விழுந்துவிட்டது. இனி அப்பா நூலை நீட்டி இழுப்பார் என்று காத்திருந்தேன்.

இழுக்கவில்லை. கோயில் தலைவரின் குரல் கேட்டது: “இன்னும் ரெண்டு சுத்து விடுங்கோ! பின்னுக்கு நிக்கிற சனம் பாக்கேல்லை!”

முட்டி பொங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தில் காற்றில் போன மணம் இங்கே போக இடமில்லாமல் என்னோடு இருந்தது. முதலில் கண் எரிந்தது. பிறகு தொண்டையில் யாரோ நார்த்தும்பு வைத்துத் தேய்ப்பதுபோல இருந்தது. இருமினேன்; இருமும்போது தகடு தாழ்ந்து மேலே ஊளை எழுந்தது. அதனால் இருமலை அடக்கினேன். அடக்கினால் மூச்சை இழுக்க வேண்டும். இழுத்தால் நெஞ்சு எரிந்தது. துணியைக் காலால் உதைத்துத் திறக்கலாம். உதைத்தால் கை அசையும். அம்மா எந்தப் பக்கத்தில் நிற்கிறா என்று எனக்குத் தெரியாது. தம்பி அழுகிற சத்தம் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் கேட்பதுபோல இருந்தது. என்ன நடந்தாலும் விடாதை, பிள்ளை. நான் செத்துப்போவேன், செத்தவுடன் கை விடும், விட்டவுடன் விமானம் விழும் என்று ஒழுங்காக நினைத்தது நினைவிருக்கிறது.

துணி கிழிந்தது. அப்பாவின் கை என் சட்டையின் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்தது; மற்றக் கை தடியைப் பிடித்துக்கொண்டது. விமானம் காற்றில் நடுங்கியதைக் கண்டுதான் வந்தாராம். என் கை எப்படி இருக்கிறதென்று அவருக்கு மேலே எழுதிக் காட்டியதுபோல இருந்திருக்கும். என்னை மண்ணில் தள்ளிவிட்டு, தலையை மலைக்குள் விட்டபடியே கத்தினார்: “மச்சான், பிடி! பிடியடா!” கிரேன் மாமா விமானத்தைப் பிடித்தார். சனம் கைதட்டியது. அதுவும் சோடனையில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பீர்கள்.

அப்பா தலையை வெளியே எடுத்தபோது அவருடைய கண் இரண்டும் சிவந்து தண்ணீர் ஓடியது. அவரும் இருமினார். பிறகு திரும்ப உள்ளே பார்த்தார். முட்டியைப் பார்த்தார். காலடியில் இருந்த செம்பைப் பார்த்தார். சால்வையை எடுத்து, செம்பை அதற்குள் சுற்றி, கக்கத்தில் வைத்துக்கொண்டார். கையிலிருந்த தடியால் முட்டியை ஒரே அடியில் உடைத்தார்.

அந்தக் கிழமை முழுவதும் நான் படுக்கையில். இருமல், நெஞ்சுக்குள் விசில் சத்தம், சாப்பாடு இறங்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் வாசலிலேயே தீர்ப்புச் சொன்னார்கள்.

“பயந்த கோளாறு. வேறை என்ன?”

“அம்மா, மூச்சு வரேல்லை.”

“பயந்தா அப்பிடித்தான் பிள்ளை.”

“எரிஞ்சதம்மா. மணந்தது.”

“ஓம் ஓம், பயத்திலை எல்லாம் தெரியும்.”

அம்மா நூல் கட்டுவித்தா, திருநீறு போடுவித்தா. தன்னுடைய தீர்த்தம் இல்லாவிட்டால் பிள்ளை தப்பியிருக்காது என்று எல்லோருக்கும் சொன்னா. அப்பா அதைக் கேட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். கோழையாகிப் போனார், பிழையை ஒப்புக்கொள்ள ஏலாமல் இருக்கிறார் என்று பின்னாளில் அவரைப் பற்றி நினைத்தேன்.

மூதூரில் தண்ணீர் ஓதிக் கொடுக்கிற ஒரு முஸ்லிம் பெரியவர் இருக்கிறார், காக்கா என்பார்கள், பயந்த பிள்ளைகளுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். அம்மா புறப்பட்டா. அப்பா மறித்தார்.

“நான் கூட்டிக்கொண்டு போறன். நீ சின்னவனைப் பார்.”

மந்திரம் தந்திரம் எல்லாவற்றையும் பகிடி பண்ணுகிறவர். லீவு போட்டு வந்தார்.

குடாவைக் கடந்து மூதூருக்குப் போகிற மோட்டர்ப் படகு, லோஞ்சு. அதில் எல்லோரும் கூரைக்குக் கீழே, நிழலில் இருந்தார்கள். அப்பா லோஞ்சு ஓட்டியிடம் ஏதோ கதைத்து, என்னைப் படகின் முன்னணியத்தில், வெயிலில், காற்றுக்கு நேரே இருத்தினார். பின்னால் இருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“வாயைத் திறந்து நல்லா இழு, பிள்ளை. இன்னும். இன்னும் இழு.”

“நோகுதப்பா.”

“நோகும். இழு.”

கொட்டியாரக் குடாவின் நடுவில் அவர் பையிலிருந்து சால்வையை எடுத்தார். உள்ளே எங்கள் செம்பு. அதைப் பக்கவாட்டில் மெதுவாகத் தண்ணீருக்குள் விட்டார். எறியவில்லை, விட்டார். பயத்தைப் போக்குகிற சடங்கில் அதுவும் ஒன்று என்று நான் நம்பினேன்.

காக்கா வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வாசலில் இருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

“இந்தப் புள்ளதான் ப்ளேன் ஓட்டினதா? மகள், அடுத்த முற மக்கா பக்கம் போனா எனக்கும் ஒரு சீட் வைங்க.”

எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் சிரித்தேன். சிரிப்பு இருமலாகி நீண்டது. அவர் ஓதி, தண்ணீரில் ஊதி, குடிக்கத் தந்தார். பயம் விலகிவிட்டது, இனி வரத் தேவையில்லை என்றார்.

“இல்லைக் காக்கா,” என்றார் அப்பா. “வாற கிழமையும் வருவம்.”

“என்ன தம்பி, ஓதலுக்கா, மூதூர்த் தயிருக்கா?”

அப்பா சிரிக்கவில்லை. அடுத்த கிழமையும் போனோம், அதற்கடுத்த கிழமையும். ஒவ்வொரு முறையும் முன்னணியம், ஒவ்வொரு முறையும் “நல்லா இழு.” மழைக்காலம் தொடங்கமுன் விசில் சத்தம் நின்றது. காக்காவின் கைராசி என்று அம்மா அவருக்கு ஒரு வேட்டி வாங்கி அனுப்பினா. அடுத்த வருடம் துறைமுகத் தொழிலாளர் உபயத்துக்கு அப்பா விமானம் தரவில்லை. மகள் பயந்ததால் அவரும் பயந்துவிட்டார் என்று நீங்கள்கூடக் குறைபட்டீர்கள்.

போன வருடம் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு பாடம். கண்ணாடிப் பாத்திரத்தில் உப்புக் கரைசல், இரண்டு தகடுகள், பற்றரி. ஆசிரியர் யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டுத்தான் ஆளியைப் போட்டுக் கறண்ட் கொடுத்தார். “வருவது குளோரின். மூடிய அறையில் இதைச் செய்யக்கூடாது. நுரையீரலைத் தின்றுவிடும்,” என்றார். குமிழி எழும்பியது. முதல் மூச்சிலேயே நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். என் நெஞ்சுக்கு அந்த மணம் என் மூளைக்கு முன்னமே தெரிந்திருந்தது.

அன்று பின்னேரம் கறண்ட் போகும் வழியைப் போல எல்லாவற்றையும் ஒருதரம் நடந்து பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர், கடல் தண்ணீர், மூடிய துணி. தலையை உள்ளே விட்டவரின் சிவந்த கண். உடைந்த முட்டி. சால்வைக்குள் போன செம்பு. பிறகு லோஞ்சின் முன்னணியம். மணத்தைப் பற்றி வாய் திறந்திருந்தால், அவர் அம்மாவுக்கு இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்: பிள்ளையை உள்ளே இருத்தியது நான், கடல் தண்ணீரை ஊற்றியது நீ. அவர் பயந்த கோளாறு என்ற ஊர்த் தீர்ப்பை அப்படியே விட்டுவிட்டு, அதன் மறைவில் என்னைக் கடலுக்கு நடுவே கொண்டுபோய் மூச்சுவிடச் செய்திருக்கிறார்.

அதனால் ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டுக்கு வந்து இந்தக் கதை எடுபட்டால், அம்மாவுக்கு முன்னால் பழையபடியே சொல்லுங்கள். பயந்தவள் என்றே சொல்லிச் சிரியுங்கள்.

இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம், அம்மா குசினிக்குள். அந்தத் திருவிழாவில் தன் செம்பையும் யாரோ கொண்டுபோய்விட்டான் என்று பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னா; வருடத்தில் ஒருதரமாவது சொல்லுவா. அப்பா முற்றத்துக் கதிரையில் இருந்தார். நான் பக்கத்தில் போய், “அப்பா, அந்த முட்டியிலை...” என்று தொடங்கினேன்.

அவர் குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். எழும்பிச் சட்டையைப் போட்டார்.

“இஞ்சை வெக்கை. வா, கடற்கரைப் பக்கம் போவம்.”

கடற்கரையில் ஒரு கவிழ்த்த தோணியின் மேல் இருந்தோம். குடாவில் மூதூர் லோஞ்சு சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. அது முனையைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கடை கல்லூரி மாடிக் கட்டடமோ?”

“ஓம் அப்பா. மூண்டு மாடி.”

“ஏறேக்கை இளைக்குதே?”

“இல்லை.”

“ஓடி ஏறினா?”

“ஓடி ஏறினாலும் இல்லை, அப்பா.”

அவர் தலையாட்டினார். அவருக்கு அது போதவில்லை.

“நல்லா இழு பாப்பம்,” என்றார்.

நான் வாயைத் திறந்து, நெஞ்சு நிறைய இழுத்தேன். அப்பா கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.